தாத்தாவின் மெடலை எடைக்குப் போடாதீர்கள்

பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியில் கறுத்துப்போன வட்டத் தகடு ஒன்று கிடைக்கிறது. நகைக்கடைக்காரர் உரசிப் பார்த்து, "நல்ல வெள்ளிதான்" என்று எடை போட்டுப் பணம் கொடுத்துவிடுகிறார். அந்தத் தகட்டின் விளிம்பில் நம் வீட்டு மனிதர் ஒருவரின் பெயர் இருந்ததை யாரும் படிப்பதில்லை.

முதல் உலகப் போரில் பணிபுரிந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் கிடைத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் அடித்தது. குறுக்களவு 36 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒருவன், 1914, 1918 என்ற ஆண்டுகள். சுமை தூக்கிய, பாதை போட்ட கூலிப் படையினர் பலருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் கிடைத்தது. வெண்கலம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள், வெள்ளியைவிட அது அரிது. 1980 வாக்கில் வெள்ளி விலை எகிறியபோது இந்தப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. வெள்ளி ஏறும்போதெல்லாம் அந்த ஆபத்து திரும்பி வருகிறது.

விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு வரிசையாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்த பதக்கங்களைக்கூட இந்தியர்களுக்குப் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். ஆகவே பெயரில்லாத ஒன்றை 'மதராஸ் சிப்பாயுடையது' என்று சொல்லி எவரேனும் கூடுதல் விலை கேட்டால் ஆதாரம் கேளுங்கள். பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் வெட்டுவதும் உண்டு. அப்படிச் செய்தால் குறுக்களவு சற்றுக் குறையும், அளந்தால் தெரிந்துவிடும். அச்சில் வார்த்த போலியில் முகமும் எழுத்தும் மழுங்கி, சின்னச் சின்னக் குழிகள் தெரியும். பதக்கத்தோடு படைத் தொப்பியின் சின்னமும் கிடைத்து, அதில் மகுடம் இருந்தால் அது குடியரசுக்கு முந்தைய வடிவம். 1950-க்குப் பிறகு மகுடத்தின் இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்தன.

புளி, சாம்பல், பிராசோ எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போகும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன. வெளிநாட்டு ஆள் ஆன்லைனில் நல்ல விலை சொன்னாலும், அது தொல்பொருளா என்பதை இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுதிக் கேட்காமல் கூரியரில் போடாதீர்கள்.

போலியை வாங்கி ஏமாந்திருந்தால் ரசீது, விளம்பரப் படம், பணம் அனுப்பிய விவரம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் விற்றது என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டிருக்கும்.

தாத்தாவைப் பற்றி மேலும் அறிய வேண்டுமானால், விளிம்பில் உள்ள எண்ணோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எழுதலாம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரைத் தேடுங்கள்.

விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் உரிமை. விற்பதாக இருந்தாலும், அதற்கு முன் விளிம்பைப் படம் எடுத்து, அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள்.