சீரியல் காதலில் சாதிக்குப் பெயரில்லை

தமிழ் சீரியலில் காதலுக்குக் குறுக்கே நிற்பவை பெரும்பாலும் மூன்று: பணம், நிறம், இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான பழைய பகை. திரைக்கு வெளியே கல்யாணத்தைத் தடுப்பதில் முதலிடம் சாதிக்கு, அடுத்த இடம் மதத்துக்கு. இவ்விரண்டும் சின்னத்திரையில் பெயர் சொல்லி வருவது அபூர்வம். வேறு இனத்தவரையோ வேறு மாநிலத்தவரையோ கைப்பிடிக்கும் கதை அதைவிட அபூர்வம்.

மேற்கத்தியத் தொடர்களில் இதே சிக்கல் தோல் நிறத்தின் வடிவில் வந்தது. பிரிட்டனில் 'எமர்ஜென்சி வார்டு 10' என்ற மருத்துவமனைத் தொடர் 1964-இல் கறுப்பினப் பெண் மருத்துவருக்கும் வெள்ளையின மருத்துவருக்கும் காதல் வைத்தது. அமெரிக்காவில் இனக்கலப்பு மணத்துக்கு எதிரான மாநிலச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1967-இல் ரத்து செய்தது. ஆனால் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் அப்படியொரு ஜோடிக்குக் கல்யாணம் நடக்க 1988 ஆகிவிட்டது. சட்டம் அனுமதித்ததைத் திரை அனுமதிக்க இருபத்தொரு வருடம்.

தமிழ் சினிமா இதில் துணிச்சலாகவே இருந்தது. 'அலைகள் ஓய்வதில்லை' 1981-இல் பிராமணப் பையனையும் கிறிஸ்தவப் பெண்ணையும் சேர்த்து வைத்தது. 'பம்பாய்' 1995-இல் இந்து–முஸ்லிம் தம்பதியைக் கலவரத்தின் நடுவே நிறுத்தியது. சீரியலின் கணக்கு வேறு. படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். சீரியலோ வாரத்தில் ஐந்தாறு நாள், மாமியாரும் மருமகளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் கூடத்துக்குள் வருகிறது. பார்வையாளர் எண்ணிக்கை வாராவாரம் கணக்காகிறது. ரேட்டிங் சரிந்தால் கதையே திசை திரும்பும். இதற்கு மேல், 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் மதங்களையும் சமூகங்களையும் தாக்கும் காட்சிகளுக்குத் தடை விதிக்கின்றன. சாதிக் கொடுமையைக் காட்ட இவ்விதி தடையில்லை. ஆனாலும் சேனல்கள் வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகின்றன. அதனால் கதையில் 'நம்ம கௌரவம்', 'அந்தஸ்து', 'அவங்க எங்க, நாம எங்க' என்ற வசனங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. எந்தச் சாதி என்று சொல்லாவிட்டாலும், பெயரையும் பேச்சையும் வீட்டையும் வைத்துப் பார்ப்பவர்கள் யூகித்துக்கொள்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி மட்டும் சீரியல் வாய் திறந்து பேசுகிறது. விஜய் டிவியில் 2019-இல் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா', மலையாளத்தின் 'கறுத்தமுத்து' தொடரைத் தழுவியது. டாக்டர் பாரதி கருப்பான கண்ணம்மாவைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறான். அவன் அம்மா சௌந்தர்யாவுக்கு மருமகளின் நிறமே ஆகவில்லை. ஆனால் கண்ணம்மாவாக முதலில் நடித்த ரோஷினி ஹரிப்பிரியன் இயல்பில் அவ்வளவு கருப்பில்லை. மேக்கப்பால் நிறத்தைக் கூட்டினார்கள். கருப்பைக் கொண்டாட வந்த கதைக்குக் கருப்பான நடிகை கிடைக்கவில்லையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. தொடரின் போக்கும் சீக்கிரமே மாறியது. நிறம் பின்னுக்குப் போய், மனைவியின் மேல் கணவனுக்கு வந்த சந்தேகம் முன்னுக்கு வந்தது. கர்ப்பிணியான கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி நடந்த நடை எபிசோடு எபிசோடாக நீள, தமிழ்நாடே அதை மீம் போட்டுச் சிரித்தது.

சன் டிவியில் 2021-இல் வந்த 'சுந்தரி' இந்த விஷயத்தில் ஒரு படி மேல். நாயகியாக நடித்த கேப்ரியல்லா செல்லஸ் உண்மையிலேயே கருநிறத்தவர். கட்டியவன் நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்கிவிட்டு இன்னொருத்தியை மணக்க, சுந்தரி கலெக்டர் ஆகும் கனவைப் பிடித்துக்கொள்கிறாள். இங்கே காதல் ஜெயிக்கவில்லை, படிப்பு ஜெயிக்கிறது. சாதிக் கதையை நிறக் கதையாக மாற்றுவதில் சேனலுக்கு வசதியும் உண்டு: நிறம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

கல்யாணக் காட்சியிலும் இதே நழுவல்தான். நாயகன் திடீரென்று கோயிலில் தாலி கட்டிவிடுவான். கதை அதோடு அடுத்த கட்டத்துக்குத் தாவும். இரு மதத்தவர் மதம் மாறாமல் மணப்பதற்கான 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், அதன் முப்பது நாள் அறிவிப்பு, அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு உறவினர்கள் தேடி வரும் அபாயம் எல்லாம் நாடகத்துக்கென்றே செய்தவை போன்ற திருப்பங்கள். எழுத்தாளர்கள் அவற்றைத் தொடுவதில்லை.

சின்னத்திரைக்காரர்கள் வேலை செய்யும் வட்டாரத்தைப் பார்த்தால், வேறு மாநிலத்தவரோடு காதல் கதையில் வராதது இன்னும் விசித்திரம். 'பிக் பாஸ்' வீடு போட்ட ஈவிபி பிலிம் சிட்டி பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் ஆவடி. டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று மத்திய அரசுக் குடியிருப்புகளில் தலைமுறைகளாகப் பல மாநிலத்தவர் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ஊர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பீகார், ஒடிசா இளைஞர்கள் ஏராளம். சீரியல் யூனிட்டே கலப்புதான்: 'சரவணன் மீனாட்சி' இரண்டாம் பாகத்தின் நாயகி ரச்சிதா மகாலட்சுமி பெங்களூருக்காரர். கன்னடமும் மலையாளமும் பேசும் பல நாயகிகளுக்கு டப்பிங் கலைஞர்கள் தமிழ்க் குரல் தருகிறார்கள். கேமரா முன் வந்ததும் அத்தனை பேரும் ஒரே ஊர், ஒரே பேச்சு, ஒரே உறவுமுறை கொண்ட குடும்பமாகிவிடுகிறார்கள். வடமாநிலத்தவர் வந்தால் வாட்ச்மேனாகவோ பானிபூரிக்காரராகவோ இரண்டு காட்சிக்கு வந்து, தப்பும் தவறுமாகத் தமிழ் பேசிச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார். அவருக்குக் காதல் எழுத இன்னும் யாரும் முன்வரவில்லை.