பீரங்கி வீச்சும் காணி எல்லையும்

லாச்சப்பலில் நாலு பேர் கூடும் இடங்களில் உக்ரைன் யுத்தம் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஊர், சீட்டு, விசா என்று தொடங்கும் கதை எப்படியோ அங்கே போய்விடுகிறது. அண்மையில் இரண்டு நண்பர்கள் ரீக்கடை ஒன்றில் வாதப்பட்டார்கள். "அவங்கள் ஆயுதம் குடுக்கிறதை நிப்பாட்டட்டும், ஒரு மாசத்திலை சண்டை முடிஞ்சிடும்" என்றார் ஒருவர். "குடுக்கிறவன் குடுக்கட்டும், நடுவிலை ஒரு இடைவலயத்தைப் போட்டுவிட்டால் காரியம் முடிஞ்சுது" என்றார் மற்றவர். ஆயுத உதவியும் இடைவலயமும் இரண்டு தனித்தனி விடயங்கள் என்ற எண்ணம் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

இவை இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் ஊரில் புவியியல் விரிவுரையாளனாக இருந்தவன். இன்று பாரிசின் புறநகர்த் தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டும் பகுதியில் நிற்கிறேன். தொழில் மாறிய போதும் வரைபடத்தைக் கண்டால் அளந்து பார்க்கும் பழக்கம் போகவில்லை.

ஒரு சொல், நான்கு பொருள்

பத்திரிகைகள் 'இடைவலயம்' என்று பொதுவாக எழுதுகின்றன. அச்சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, இரு தரப்பும் சம்மதித்து, மூன்றாம் தரப்பொன்று நின்று கண்காணிக்கும் பிரிப்பு வலயம். சைப்பிரஸ் தீவில் 1974 முதல் ஐ.நா. படையின் கண்காணிப்பில் உள்ள, சுமார் 180 கிலோமீற்றர் நீளமான வலயம் இதற்கு உதாரணம். இரண்டாவது, ஒரு தரப்பு தன் எல்லையைக் காப்பதாகச் சொல்லி மற்றத் தரப்பின் நிலத்தில் பிடித்துக் கொள்ளும் பட்டி. மூன்றாவது, ஓர் அரசு தனது படைத்தளத்தைச் சுற்றி, தனது பிரசைகள் என்று தானே சொல்லும் மக்களை வெளியேற்றி உருவாக்கும் உயர் பாதுகாப்பு வலயம். நான்காவது, "இதற்குள் வாருங்கள், இங்கே சுடமாட்டோம்" என்று குடிமக்களை அழைக்கும் பாதுகாப்பு வலயம்.

முதலாவதைக் காட்டி இரண்டாவதையும் மூன்றாவதையும் நியாயப்படுத்துவது எல்லா அரசுகளும் செய்து வரும் வேலை. ஆகவே இடைவலயம் என்று யாராவது சொன்னால், இந்த நான்கில் எது என்று முதலில் கேட்க வேண்டும்.

அகலத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

வலயமொன்றின் அகலம் பீரங்கியின் வீச்சைக் கொண்டே கணிக்கப்படுகிறது. இதை வெளிப்படையாக எழுதிய ஆவணங்கள் கிழக்கு உக்ரைன் தொடர்பான மின்ஸ்க் உடன்படிக்கைகள். 2014 செப்டெம்பர் 19 அன்று கையெழுத்தான குறிப்பாணை, 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பீரங்கிகளை ஒவ்வொரு தரப்பும் 15 கிலோமீற்றர் பின்னே எடுக்க வேண்டும் என்றது. அதாவது 30 கிலோமீற்றர் அகலமான வலயம். ஐந்து மாதங்களுக்குள் அது போதவில்லை. 2015 பெப்ரவரி 12 அன்று செய்யப்பட்ட இரண்டாவது உடன்படிக்கை பீரங்கிகளுக்கு 50, பல்குழல் எறிகணைகளுக்கு 70, அவற்றிலும் நீண்ட வீச்சுடையவற்றுக்கு 140 கிலோமீற்றர் என்று மூன்று அகலங்களை விதித்தது. அந்நிலத்தில் இருந்த ஊர்கள் அக்கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை.

2022 பெப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்தது. அதன்பின் வந்த ஆயுத உதவியை வீச்சைக் கொண்டு வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் பிரான்ஸ் 'சீசர்' பீரங்கிகளைத் தருவதாக அறிவித்தது. அவற்றின் வீச்சு சுமார் 40 கிலோமீற்றர். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் 'ஹைமார்ஸ்' வந்து சேர்ந்தது. அதன் எறிகணைகள் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் செல்லும். 2023 ஒக்ரோபரில் 'அட்டாகம்ஸ்' ஏவுகணை பயன்பாட்டுக்கு வந்தது. அதில் நீண்ட வகை 300 கிலோமீற்றர் வரை போகும்.

மறுபக்கத்தின் பதிலையும் பாருங்கள். உக்ரைனுக்குத் தரப்படும் ஆயுதங்களின் வீச்சு கூடக்கூட, அவற்றை ரஷ்யாவின் நிலத்திலிருந்து அவ்வளவு தூரம் தள்ள வேண்டிவரும் என்று வெளிநாட்டமைச்சர் லவ்ரோவ் 2023 பெப்ரவரியில் சொன்னார். 2024 மார்ச்சில் ஜனாதிபதி புட்டின், வெளிநாட்டு ஆயுதங்கள் தாண்ட முடியாத ஒரு 'சுகாதார வலயம்' பற்றிப் பேசினார். அவ்வாண்டு மே 10 அன்று ரஷ்யப் படைகள் கார்கிவ் மாகாணத்தின் எல்லையைக் கடந்து வோவ்சான்ஸ்க் நகரை நோக்கி முன்னேறின. ஆகஸ்டில் உக்ரைன் படைகள் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்தபோது ஜனாதிபதி செலென்ஸ்கியும் இடைவலயம் என்ற அதே காரணத்தைச் சொன்னார். ஆக்கிரமித்தவரையும் ஆக்கிரமிக்கப்பட்டவரையும் நான் சமப்படுத்தவில்லை. இருவரும் ஒரே அளவுகோலைக் கையில் எடுத்தார்கள் என்பதையே சொல்கிறேன்.

இந்த அளவுகோலுக்கு முடிவே இல்லை. 40 கிலோமீற்றருக்கு ஒரு மாவட்டம் போகுமென்றால், 300 கிலோமீற்றருக்கு எத்தனை மாகாணங்கள் போக வேண்டும்? உக்ரைன் தானே செய்யும் ஆளில்லா விமானங்கள் 1,000 கிலோமீற்றருக்கு அப்பாலும் போய் விழுகின்றன. அந்தக் கணக்கின்படி முழு நாடுமே இடைவலயம்தான். மறுபுறம், சைப்பிரசின் தலைநகர் நிக்கோசியாவில் வலயம் சில இடங்களில் ஒரு சில மீற்றர் அகலம் மட்டுமே. பெரும் சண்டை அங்கே அரை நூற்றாண்டாக இல்லை. மின்ஸ்க் விதித்த வலயமோ 140 கிலோமீற்றர் வரை இருந்தும் யுத்தத்தைத் தடுக்கவில்லை. அகலத்தை விட, சம்மதமும் கண்காணிப்புமே ஒரு வலயத்தை நிற்க வைக்கின்றன.

நாம் அறிந்த கணக்கு

எனது பகுதியில் வேலை செய்யும் பெண் ஒருவர் வோவ்சான்ஸ்கைச் சேர்ந்தவர். அவருடைய பிரெஞ்சும் என்னுடையதும் ஏறத்தாழ ஒரே தரம். எல்லையிலிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்று ஒருநாள் கேட்டேன். ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து கிலோமீற்றர். அவர் சொல்லாமலே எனக்கு மிச்சம் விளங்கியது.

என் ஊர் வசாவிளான். பலாலி விமானத்தளத்துக்கு அருகில் இருப்பது அதன் தலைவிதி. 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழ யுத்தம் தொடங்கியபோது வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினார்கள். எனக்கு அப்போது இருபது வயது. எங்கள் காணி எட்டுப் பரப்பு, செம்மண் தோட்டம். அதன் உறுதியின் பிரதி இன்றும் என்னிடம் இருக்கிறது. கிழக்கே ஒழுங்கை, தெற்கே பெரியப்பாவின் காணி, மேற்கே பங்குக் கிணறு என்று எல்லைகள் எழுதப்பட்டிருக்கின்றன. பீரங்கி வீச்சுக்கு இந்த எல்லைகள் எதுவும் பொருட்டல்ல.

1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் விழுந்தபோது புலிகளின் கைக்கு 122 மில்லிமீற்றர் பீரங்கிகள் வந்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தபோது மேலும் வந்தன. அரசு தன் பங்குக்கு பாகிஸ்தானிலிருந்து பல்குழல் பீரங்கிகளையும் இஸ்ரேலிலிருந்து கிபிர் விமானங்களையும் எடுத்தது. 2002 பெப்ரவரி 22 அன்று கையெழுத்தான யுத்தநிறுத்த உடன்படிக்கை, முன்னரங்குகளுக்கு நடுவே குறைந்தது 600 மீற்றர் இடைவெளி வேண்டும் என்றது. முகமாலையில் நாம் 'சூனியப் பிரதேசம்' என்று அழைத்த நிலம் அதுதான். ஆனால் உண்மையான தர்க்கம் இந்த 600 மீற்றரில் நடக்கவில்லை, வலிகாமம் வடக்கில் நடந்தது. மக்கள் வீடு திரும்ப வேண்டும் என்றார்கள். புலிகள் ஆயுதங்களைக் கையளிக்காமல் வலயத்தைக் குறைக்க முடியாது என்று 2002 டிசம்பரில் யாழ். படைத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா நிலைப்பாடெடுத்தார். இதை ஆராய்வதற்கு இந்தியாவின் ஓய்வுபெற்ற ஜெனரல் சதீஷ் நம்பியார் அழைக்கப்பட்டார்.

அவர் 1992 மார்ச்சிலிருந்து ஓராண்டு, முன்னைய யூகோஸ்லாவியாவில் ஐ.நா. படையின் முதலாவது தளபதியாக இருந்தவர். ஐரோப்பிய யுத்தமொன்றின் வலயங்களைக் கண்காணித்தவர் பத்து ஆண்டுகளின் பின் வசாவிளானின் வலயத்தை ஆராய வந்தார். பிரச்சினை ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவரது ஆய்விலும் புலிகளின் நீள்வீச்சுப் பீரங்கிகளே மையக் கேள்வியாக இருந்தன. இதற்கென அமைக்கப்பட்ட உபகுழு 2003 இன் தொடக்கத்திலேயே செயலிழந்தது.

படைத்தரப்பின் அச்சம் முழுப் பொய்யல்ல. 2006 ஆகஸ்டில் பலாலித் தளத்தின் மீது புலிகளின் ஷெல்கள் விழுந்தன. திருகோணமலைத் துறைமுகமும் அதே மாதத்தில் சம்பூர்ப் பக்கத்திலிருந்து தாக்கப்பட்டது. செப்டெம்பரில் அரச படை சம்பூரைப் பிடித்தது. 2007 மே 30 அன்று மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் வந்தன.

ஆனால் இக்கணக்கின் பித்தலாட்டம் 2009 மே மாதத்தின் பின்னரே முழுதாக வெளிப்பட்டது. புலிகள் இல்லை, பீரங்கி இல்லை, வீச்சு பூச்சியம். ஆகவே வலயமும் பூச்சியமாக வேண்டும் அல்லவா? 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. எங்கள் அளவையில் ஓர் இலட்சம் பரப்புக்கு மேல். வலயத்துக்குள் காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் உல்லாச விடுதி நடத்தியது. சம்பூரில் மக்களின் நிலம் அனல் மின்நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் எழுதப்பட்டது. 2015 இன் பின்னரே காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் கிடைத்தது. வசாவிளான் - பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது, அதுவும் பகலில் மட்டும், வழியில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. வீச்சோடு விரிந்த வலயம் வீச்சோடு சுருங்கவில்லை.

ஆயுதம் நின்றால் போதுமா?

அப்படியானால் ஆயுத உதவியை நிறுத்தச் சொன்ன நண்பர் சொல்வது சரிதானே என்று கேட்கலாம். அதற்கும் யூகோஸ்லாவியாவே பதில். 1991 செப்டெம்பரில் பாதுகாப்புச் சபை அந்நாடு முழுவதற்கும் ஆயுதத் தடை விதித்தது. பழைய இராணுவத்தின் பீரங்கிகள் பெரும்பாலும் சேர்பியத் தரப்பின் கையில் இருந்தன. பொஸ்னிய அரசுக்கு வெளியிலிருந்து வாங்க வழி இல்லை. பதிலாக 1993 ஏப்ரலில் ஸ்ரெப்ரெனிட்சா 'பாதுகாப்புப் பிரதேசம்' என அறிவிக்கப்பட்டது. 1995 ஜூலை 11 அன்று அது விழுந்தது. அடுத்த சில நாட்களில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். ஆயுதமும் இல்லை, காவலும் இல்லை என்றால் 'பாதுகாப்பு' என்பது வெறும் சொல். ஆகவே தாக்கப்படுகிற மக்களுக்கு உதவி கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வன்னியில் 2009 ஜனவரி, பெப்ரவரி, மே மாதங்களில் அரசு மூன்று தடவை சூட்டுத் தவிர்ப்பு வலயங்களை அறிவித்தது. ஒவ்வொன்றும் முந்தியதை விடச் சிறியது. அவற்றுக்குள் ஷெல் அடித்தது அரச படை. மக்களை வெளியேற விடாமல் தடுத்து, அவர்களுக்கு நடுவிலிருந்து சுட்டவர்கள் புலிகள். ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை இரண்டையும் பதிவு செய்திருக்கிறது. இன்னும் ஒன்றையும் எங்கள் பக்கத்தில் மறக்கக் கூடாது. 1990 ஜூனில் எங்களை வெளியேற்றிய அதே தர்க்கத்தை ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் மீது பிரயோகித்தார்கள். ஒரு சமூகமே பாதுகாப்புப் பிரச்சினையாகக் காட்டப்பட்டு வெளியேற்றப்பட்டது. நம்மில் பலர் அப்போது பேசாமல் இருந்தோம். நானும் இருந்தேன்.

எனவே ஐரோப்பாவில் நாளை எந்த இடைவலயத்துக்கு வரைபடம் விரிக்கப்பட்டாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நிலம் யாருடையது, அவரிடம் கேட்கப்பட்டதா? இரு பக்க ஆயுதங்களையும் யார் நின்று கண்காணிப்பது, மீறினால் அவரால் என்ன செய்ய முடியும்? உரியவர் திரும்பி வரும் திகதி ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வலயம், எந்தப் பெயரில் வந்தாலும் அது காணி பறிப்பு. முப்பத்தைந்து வருடங்களில் நாம் படித்த பாடம் இது. இதை உக்ரைன் அகதிகளுக்கும் சொல்ல வேண்டிய கடமை எமக்கு உண்டு.

உங்கள் ஆட்கள் எப்போது திரும்பிப் போனார்கள் என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். சிலர் இருபத்தைந்து வருடத்தில், சிலர் இன்னும் இல்லை என்றேன். பிரெஞ்சில் எண்களைப் பிழையாகச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ தெரியாது, திரும்பவும் கேட்டார். இம்முறை பொதியின் மேல் பேனாவால் எழுதிக் காட்டினேன்.