காந்தமும் மின்னும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கியக் கட்டுரையொன்றையே எதிர்பார்த்திருப்பர். ஆயினும், இக்கல்லூரியிலே யாம் கற்றவற்றுள் இன்றும் நெஞ்சைவிட்டு அகலாது நிற்பது காந்தத்தைப் பற்றிய ஒரு பாடமேயாகும். அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம். விஞ்ஞானம் கற்ற நண்பர்கள் குறைகண்டாற் பொறுத்தருள்வாராக.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. மண்ணெண்ணெய் அரிதாயிற்று, பற்றறிகளோ தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. அக்காலத்து மாணவர் எவரும் ஜாம் போத்தல் விளக்கை மறந்திரார். செய்தி கேட்பதற்கு மக்கள் கண்ட வழி துவிச்சக்கர வண்டியாகும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுற்றி, சில்லோடு பொருந்திச் சுழலும் தைனமோவிலிருந்து வானொலிக்கு மின்னூட்டினர். எமது வீட்டிற் சுற்றும் கடமை எமக்கு. சுருதி கூட்டும் உரிமை ஐயாவுக்கு. அயலவர் ஏழெட்டுப் பேர் முற்றத்திற் கூடுவர். கை சோர்ந்தாற் செய்தியும் சோரும். தொடங்கிய வாக்கியம் முடியாமற் போக, அத்தனை பேரின் பார்வையும் எம்மேல் விழும்.

அந்நாள்களில் இரண்டு ஐயங்கள் எம்மை வருத்தின. மின்கம்பியைக் கழற்றிவிட்டாற் சில்லு இலேசாகச் சுழலும். மாட்டியவுடன் மிதி கனக்கும். உள்ளே ஒன்றும் ஒன்றோடு புதிதாக உராய்வதாகத் தெரியவில்லை. பின்னர் இக்கனம் எங்கிருந்து வந்தது? இரவுதோறும் இவ்வாறு மின்னைக் கொடுத்துக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் காந்தம் பற்றறி போலத் தீர்ந்துவிடாதா என்பது மற்றையது. இரண்டாவது ஐயத்தைத் தீர்ப்பதற்காக, ஐயா சந்தைக்குச் சென்றிருந்த ஒரு பிற்பகலில் தைனமோவின் திருகாணிகளைக் கழற்றினோம். அச்சிலே கோத்த உருளைக் காந்தம் ஒன்று. அதனைச் சூழ மெல்லிரும்புத் தகடுகள். அவற்றோடு செப்புக் கம்பிச் சுருள். காந்தத்தை வெளியே இழுத்து, ஆணிகளைத் தூக்கச் செய்து மகிழ்ந்து, மீளப் பூட்டி வைத்தோம். அன்றிரவு வானொலி முணுமுணுத்தது. வழமைபோலச் சுற்றியும் குரல் எழவில்லை. ஐயா வானொலியைத் தட்டிப் பார்த்தார். எமக்கோ நா வறண்டது.

இரண்டு நாள் பொறுத்து எமது விஞ்ஞான ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் சினக்கவில்லை. ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சென்று, சட்டக் காந்தம் ஒன்றின்மேற் கடதாசியை விரித்து இரும்புத் தூளைத் தூவி மெல்லத் தட்டினார். தூள் வளைவளைவான கோடுகளாய் அணிவகுத்தது. காந்தத்தின் வலிமை அக்கட்டியினுள் மாத்திரம் அடங்கியிருப்பதன்று, சூழவுள்ள வெளியிலும் பரந்திருக்கின்றது என்பதை அன்றே கண்ணாற் கண்டோம். அவ்வெளியையே காந்தப்புலம் என்கின்றோம். நிலத்துக்கும் பெயராய், ஐம்பொறிகளால் அறியப்படுவதற்கும் பெயராய் உள்ள 'புலம்' என்னும் சொல்லை, பொறிகளுக்கு எட்டாத இதற்கு வைத்த கலைச்சொல்லாக்கத்தார் நுட்பமுடையோர் என்பது தமிழாசிரியரான பின்னரே எமக்குத் தோன்றிற்று. தொடாமலே இழுக்கும் இவ்வியல்பு நம்மவருக்குப் புதிதுமன்று. சிவஞானபோதத்தின் ஐந்தாஞ் சூத்திரத்திலே மெய்கண்டார் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக்கியிருக்கின்றார்.

காந்தத்துக்கும் மின்னுக்கும் உறவுண்டென்பது 1820இலேதான் தெளிவாயிற்று. தென்மார்க்கு நாட்டு ஏர்ஸ்ரெட் என்பார், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்தவூசி திரும்புவதைக் கண்டு அறிவித்தார். ஓடும் மின் தன்னைச் சூழக் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது; கம்பியைச் சுருளாகச் சுற்றினாற் புலம் வலுக்கும்; நடுவே மெல்லிரும்பை வைத்தாற் பன்மடங்காகும். 1825இல் இங்கிலாந்திலே ஸ்ரேஜன் என்பவர் ஏழு அவுன்சு நிறையுள்ள வளைந்த இரும்பிற் கம்பியைச் சுற்றி ஒன்பது இறாத்தலைத் தூக்கிக் காட்டினார். மின்னை நிறுத்தியதும் நிறை விழுந்தது. மின்மணியும் தந்தியும் மின்காந்தத்தின் இவ்வியல்பினாலேயே பிறந்தன.

மின் காந்தத்தைத் தருமாயின், காந்தம் மின்னைத் தருமா? இவ்வினாவுக்கு விடை கண்டவர் பரடே. கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, கட்டவந்த நூல்களைப் படித்தே விஞ்ஞானம் கற்ற இப்பெரியாரின் கதையை எமது ஆசிரியர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். 1831 ஓகத்து 29ஆந் திகதி, இரும்பு வளையமொன்றில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றிலே மின்னைச் செலுத்தினார். மற்றைய சுருளோடு தொடர்புற்ற ஊசி, மின்னைத் தொடுக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டும் அசைந்தது. இடையிலே மின் சீராக ஓடியபோது அசையாது நின்றது. அசையாத காந்தத்தின் அருகே எத்தனை காலம் சுருளை வைத்திருந்தாலும் பயனில்லை. சுருளை ஊடுருவும் புலம் மாறவேண்டும். மாறும் விரைவுக்கேற்ப மின் பிறக்கும். அவ்வாண்டு ஒற்றோபரில் வெறும் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தும் இழுத்தும் மின்னைப் பிறப்பித்தார்.

துவிச்சக்கர வண்டியின் தைனமோ செய்வதும் இதுவே. உருளைக் காந்தத்தின் விளிம்பில் வட முனையும் தென் முனையும் மாறிமாறி அமைந்துள்ளன. அது சுழலும்போது மெல்லிரும்பு வழியாகச் சுருளை ஊடுருவும் புலம் ஒருகணம் ஒரு திசையிலும் மறுகணம் எதிர்த்திசையிலும் செல்லும். ஆதலின் வெளிவருவது ஆடலோட்டம். வழமையான தைனமோவில் 6 வோல்ற்று, 3 வாற்று அளவினது. விளக்குக்கு இது போதும். வானொலிக்கோ ஒரே திசையில் ஓடும் மின் வேண்டும். அதனாற் பழைய வானொலிகளிலிருந்து கழற்றிய இருவாயிகளைக் கொண்டு அக்காலத்து இளைஞர் அதனைச் சீராக்கினர். தொழினுட்பக் கல்லூரி வாசலை மிதியாத பலர் இதனைச் செய்தமை இன்றும் எமக்கு வியப்பே.

இனி மிதி கனத்த காரணம். கம்பியை மாட்டியதும் சுருளிலே மின் ஓடுகின்றது. ஏர்ஸ்ரெட் கண்டவாறு, மின் ஓடும் சுருள் தானும் ஒரு காந்தமாகின்றது. அதன் திசை யாது? நெருங்கிவரும் முனையைத் தள்ளும் திசை. விலகிச்செல்லும் முனையைப் பிடித்திழுக்கும் திசை. எந்த மாற்றத்தினாற் பிறந்ததோ அந்த மாற்றத்தையே எதிர்க்கும் இவ்வியல்பை 1834இல் இலென்ஸ் விதியாக வகுத்தார். இவ்வெதிர்ப்பை வென்று சுற்றுவதற்குக் கை செய்யும் வேலையே மின் சத்தியாகின்றது. கனம் இல்லையாயின் ஒன்றுமில்லாததிலிருந்து சத்தி பிறந்ததாகும். உலகில் அவ்வாறு நிகழ்வதில்லை. காந்தம் இங்கே செலவாவதில்லை. செலவாவது சுற்றுபவனின் சோறு என்றார் ஆசிரியர். சோறும் அரிதாயிருந்த காலம் அது.

அவ்வாறாயின் எம் வீட்டுக் காந்தம் ஏன் மெலிந்தது? பழைய தைனமோக்கள் பலவற்றில் இருந்தவை அலுமினியமும் நிக்கலும் கோபால்ற்றும் இரும்போடு கலந்த அல்நிக்கோ காந்தங்கள். இவற்றின் முனைகளை மெல்லிரும்பு இணைத்து நிற்கும்வரை புலம் அவ்விரும்பின் வழியே எளிதாகச் செல்லும். வெளியே இழுத்தெடுத்தாற் காற்றினூடாகவே செல்லவேண்டும். அந்நிலையிற் காந்தம் தன்னைத் தானே ஓரளவு குலைத்துக்கொள்ளும். மீளப் பொருத்தினாலும் பழைய வலிமை திரும்பாது. இலாடக் காந்தத்தின் முனைகளுக்குக் குறுக்கே இரும்புத் துண்டொன்றை வைத்துப் பாதுகாப்பது இதனாலேயே. வெப்பமும் சம்மட்டி அடியும் காந்தத்துக்கு ஆகா. 1980களில் யப்பானிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் உருவாக்கப்பட்ட நியோதிமியக் காந்தங்கள் இவ்வாறு எளிதிற் குலைவனவல்ல. எனினும் மிகுந்த சூட்டுக்கு அவையும் தாழும்.

பரிகாரம் உண்டோ எனக் கேட்டோம். "புலம் குறைந்தால் வேகத்தைக் கூட்டு" என்றார். அன்றிலிருந்து முன்னையிலும் இருமடங்கு விரைவாகச் சுற்றினோம். வானொலி பேசிற்று.

1950இலிருந்து இயங்கும் இலக்சபானா நீர்வலு நிலையத்தின் பிறப்பாக்கியும் இத்தைனமோவுக்கு இனமே. நீரருவிகளிலிருந்து மின்னைப் பெறலாமென 1918இலேயே எழுதிவைத்த பொறியியலாளர் விமலசுரேந்திராவை இங்கே நினைத்தல் தகும். பெரிய பிறப்பாக்கிகளிற் சுழல்வது பொதுவாக மின்காந்தம். எனவே புலத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இயலும். நமது மின் செக்கனுக்கு ஐம்பது முறை திசை மாறி மீள்வது. பன்னிரண்டு முனைகள் உள்ள சுழலி நிமிடத்துக்கு 500 முறை சுழன்றாலே அது கைகூடும். மாலையில் நாடெங்கும் விளக்குகள் ஏற்றப்படும்போது சுழலிகள் கனக்கின்றன, எமது மிதி கனத்தவாறே. வேகம் தளரா முன்னர் நீர்வாயிலைக் கூடத் திறந்துவிடுகின்றது ஓர் ஆள்கருவி.

ஐயாவிடம் எமது குற்றத்தைச் சொல்லப் பல ஆண்டுகள் சென்றன. கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "அது எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. திருகாணித் தலையிலை புதுக் கீறல் கிடந்தது."