கட்டணமில்லா மேடை: ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த ஜலந்தர் இசை விழா

பஞ்சாப் என்றதும் கோதுமை வயல்களும் பாங்க்ரா நடனமுமே பலரது நினைவுக்கு வருகின்றன. நாட்டின் மிகப் பழைமையான ஹிந்துஸ்தானி இசை விழாக்களுள் ஒன்று அம்மாநிலத்தின் ஜலந்தர் நகரில் நடைபெறுகிறது என்பது வெளியே அதிகம் அறியப்படாத செய்தி.

ஹர்பல்லப் சங்கீத சம்மேளனம் 1875-ஆம் ஆண்டு தொடங்கியது. ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியில், தேவி தலாப் கோயில் குளத்தை ஒட்டிய வளாகத்தில் பந்தலிட்டு நடத்துகின்றனர். வட இந்தியாவின் கடுங்குளிர் உச்சத்துக்குச் செல்லும் நாள்கள் அவை. கம்பளியும் ரஜாயும் போர்த்தியபடி தரையில் அமர்ந்து கேட்பது அவ்வூர் ரசிகர்களின் பழக்கம். அனுமதி இலவசம்.

குருவின் நினைவாக...: தேவி தலாபில் வாழ்ந்த துறவி ஸ்வாமி துல்ஜாகிரி மறைந்தபின், அவருடைய சீடரான ஸ்வாமி ஹர்பல்லப், குருவின் நினைவு நாளில் சாதுக்களையும் பாடகர்களையும் அழைத்துப் பாடச் செய்தார். ஹர்பல்லப்பும் துருபத் இசையில் தேர்ந்தவரே. அவருக்குப் பின் பண்டித தோலோ ராம் பொறுப்பேற்று வெளியூர் வித்வான்களை வரவழைத்தார். துறவியின் சமாதியில் செலுத்தும் காணிக்கையாகவே அன்றைய கலைஞர்கள் இங்கு பாடினர்.

1901-இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தை நிறுவிய பண்டித விஷ்ணு திகம்பர் பலுஸ்கரும், பின்னர் அவருடைய சீடர்களும் இங்கு வந்து பாடினர். இதன்மூலம் மகாராஷ்டிரத்தின் இசையும் பஞ்சாபின் இசையும் ஒரே பந்தலில் ஒலித்தன.

இதனால் பயனடைந்தவர்களுள் ஒரு சிறுவன் குறிப்பிடத்தக்கவன். குருவைத் தேடி 1933-இல் வீட்டைவிட்டு ஓடிய அந்தக் கன்னடச் சிறுவன், பல ஊர்களில் அலைந்து ஜலந்தரை அடைந்தான். பார்வையற்ற துருபத் பாடகரான பகத் மங்கத் ராமிடம் பாடம் கேட்டான். அங்குதான் பலுஸ்கரின் சீடர் விநாயகராவ் பட்வர்தனைச் சந்தித்தான். இவ்வளவு தொலைவு ஏன் வரவேண்டும், சொந்த ஊருக்கு அருகிலேயே சவாய் கந்தர்வர் இருக்கிறாரே என்று அவர் அறிவுறுத்தினார். சிறுவன் ஊர் திரும்பினான். அவர்தான் பின்னாளில் பாரத ரத்னா விருது பெற்ற பண்டித பீம்சேன் ஜோஷி.

குருவின் நினைவாக அவர் 1953-இல் புணேயில் தொடங்கிய விழா இன்று நாட்டின் மிகப் பெரிய இசை விழாக்களுள் ஒன்று. ஜலந்தரில் கேட்ட ஒரு யோசனை இல்லாவிடில் அந்தக் குருவும் அந்த விழாவும் அமைந்திருக்குமா என்பது ஐயமே.

பிரிவினையின் இழப்பு: பஞ்சாபின் இசை மரபைப் பெரிதும் வளர்த்தவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர். 1947-இல் அவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் சென்றனர். ஜலந்தருக்கு அருகிலுள்ள ஷாம் சௌராசி கிராமத்தின் பெயரால் ஒரு கரானாவே உண்டு. அதில் வந்த நஜாகத் அலி, சலாமத் அலி சகோதரர்கள் சிறுவயதில் ஹர்பல்லப் மேடையில் பாடியவர்கள். பிரிவினைக்குப் பின் அவர்கள் பாகிஸ்தானின் புகழ்பெற்ற பாடகர்களாயினர். கரானாவுக்குப் பெயர் தந்த கிராமம் இந்தியாவில் இருக்க, அதன் பாடகர்கள் பாகிஸ்தானில் வாழ்ந்தனர். லாகூரும் அந்நிய நாட்டு நகரமாயிற்று.

உள்ளூர்க் கலைஞர்களை இழந்த விழா, வருகை தரும் கலைஞர்களையே நம்ப வேண்டியதாயிற்று. காவல் துறை அதிகாரியும் ஹாக்கி நிர்வாகியுமான அஸ்வினி குமார் அதன் அமைப்பைச் சீர்செய்வதில் முக்கியப் பங்காற்றினார். பாட்டியாலா கரானாவின் படே குலாம் அலி கான் முதல் பல மேதைகள் இங்கு பாடினர். பயங்கரவாதத்தால் மாலையில் வெளியே செல்லவே மக்கள் அஞ்சிய 1980-களிலும் விழா நின்றுவிடவில்லை. அந்நாள்களில் பந்தலுக்கு வந்து அமர்ந்தவர்களுக்கே அதன் பெருமை முதலில் உரியது.

எனினும், கேட்பதற்கு ஆள் இருந்தால் மட்டும் போதாது. பாடுவதற்கும் அம்மண்ணிலிருந்து தலைமுறை வரவேண்டும். நன்கொடையால் பந்தல் எழுப்பிவிடலாம்; ஒரு கரானாவை எழுப்பப் பல பத்தாண்டுகள் தேவை. பிரதான விழாவுக்கு முன்னதாக வாய்ப்பாட்டு, கருவியிசை, தாள வாத்தியம் ஆகியவற்றில் இளையோருக்கான போட்டிகளை நடத்துகின்றனர். பஞ்சாபுடன் பிற மாநில மாணவர்களும் அவற்றில் பங்கேற்கின்றனர்.