ஒன்றரைக் கிலோ பதினைந்தாகும் விதம்

மதுரை கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடையொன்றில் ஏலக்காய் ஒன்றரைக் கிலோ கேட்டால், பில் போடுகிறவர் திரையில் 'எடை' கட்டத்தில் 1.5 என்று அடிப்பார். கீபோர்டில் புள்ளிக்குப் பக்கத்திலேயே கமா இருக்கிறது. விரல் சற்றே தள்ளி விழுந்தால் 1,5. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர், இந்திய ஆங்கில அமைப்பில் ஓடினால், இந்தக் கமாவை லட்சம், ஆயிரம் பிரிக்கும் குறியாகவே எண்ணும். அது சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்காது. கமாவை உதறிவிட்டு 15 என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது.

புதிதாக எழுதும் புரோகிராமர்கள் கட்டத்தின் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்திவிட்டு நிம்மதி அடைவார்கள். விசை அழுத்தும்போதெல்லாம் 'கீபிரஸ்' என்ற நிகழ்வு நடக்கும். வந்தது இலக்கமில்லை என்றால் விழுங்கிவிடலாம். ஆனால் பேக்ஸ்பேஸும் அதே வழியாகத்தான் வருகிறது. அதையும் தடுத்துவிட்டால், தப்பாக அடித்ததை பேக்ஸ்பேஸால் அழிக்க முடியாது. புள்ளியை மறந்தால் அரைக் கிலோ விற்க முடியாது; விட்டால் 1.5.5 வந்து நிற்கும். மவுஸின் வலது பொத்தானை அழுத்தி பேஸ்ட் செய்தாலோ, காவலாளி கண்ணிலேயே படாமல் 'ஒன்றரை' என்ற சொல்கூட உள்ளே போய்விடும்.

தமிழனுக்கென்றே ஒரு வேடிக்கையும் உண்டு. '௫' இலக்கமா என்று டாட்நெட்டின் 'இஸ்டிஜிட்'டைக் கேட்டால் ஆமாம் என்கிறது. அதையே எண்ணாக மாற்றச் சொன்னால் 'இன்ட் பார்ஸ்' மறுத்து, பிழை எறிகிறது. பைத்தான் மொழி பரவாயில்லை: '௧௫' என்று கொடுத்தால் 15 என்று வாங்கிக்கொள்ளும்.

ஆகவே எழுத்து எழுத்தாகப் பார்ப்பதைவிட, மொத்தத்தையும் எண்ணாக மாற்ற முடிகிறதா என்று 'டிரைபார்ஸ்' மூலம் சோதிப்பதே மேல். கமாவை ஏற்காதே என்றும் அதனிடம் சொல்லிவிடலாம். 1,5 அங்கேயே மாட்டிக்கொள்ளும். சோதிக்க ஏற்ற நேரம், கட்டத்தை விட்டு நகரும் தருணம். அரைக் கிலோவுக்குப் புள்ளியை மட்டும் அடித்தவரை அப்போதே அதட்டினால் அவர் .5-ஐ எப்போது முடிப்பார்?

எண் என்று உறுதியானாலும் வேலை முடியவில்லை. 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனம் ஜே-காம் பங்கு ஒன்றை 6,10,000 யென்னுக்கு விற்க நினைத்து, 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்க ஆர்டர் போட்டது. இரண்டும் சுத்தமான எண்கள்தான், கட்டம் மட்டும் மாறிவிட்டது. திரையில் வந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போனதில் ஏறத்தாழ 4,000 கோடி யென் நஷ்டம். எதற்கெடுத்தாலும் எச்சரிக்கிற சாஃப்ட்வேரில் யாரும் எதையும் படிப்பதில்லை. ஏலக்காய்க்கு வழக்கமாகப் போகும் எடை கடைக்காரருக்குத் தெரியும். அதை மீறினால் மட்டும் கேட்பது நல்லது.

இலக்கமாகத் தெரிவதெல்லாம் எண்ணும் அல்ல. மதுரையின் தொலைபேசிக் குறியீடு 0452. எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் போய் 452 ஆகிவிடும். எழுத்தாகவே வைக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணில் இலக்கம் மட்டும் என்ற விதியும் செல்லாது. தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கினாலும், அடுத்து பான் எண்ணின் ஆங்கில எழுத்துகள் வந்துவிடும். அதன் 15-வது இடம் முந்தைய 14-ஐ வைத்துக் கணக்கிடப்படுவது. நடுவில் ஓர் எழுத்து மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.