முயல் குரலில் அழைப்பு, எதிரில் இரண்டு துப்பாக்கிகள்: அமெரிக்காவில் கயோட்டி வேட்டை எப்படி நடக்கிறது?

ஜனவரி மாதம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலம். விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பனி, அதில் திட்டுத்திட்டாக முழங்கால் உயரப் புதர்கள். மேட்டுக்குப் பின்னால் ஒரு பிக்-அப் வண்டி வந்து நிற்கிறது. இரண்டு பேர் இறங்குகிறார்கள். கதவை 'டமால்' என்று சாத்துவதில்லை. கையால் அழுத்தி, சத்தமே வராமல் மூடுகிறார்கள். பேச்சு கிடையாது, எல்லாம் சைகைதான்.

அமெரிக்க கிராமப்புறங்களில் குளிர்காலத்தில் பரவலாகக் காணப்படும் காட்சி இது. விலங்கைத் தேடிப் போகாமல், சத்தம் கொடுத்து அதைத் தங்களிடம் வரவழைக்கும் வேட்டை. பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்தே போகிறார்கள். இதில் என்ன நடக்கிறது? ஏன் செய்கிறார்கள்? சொல்லப்படும் நோக்கம் நிறைவேறுகிறதா?

கயோட்டி என்றால் என்ன?

பார்ப்பதற்கு நம்ம ஊர் நரியை நினைவுபடுத்தும். ஆனால் ஓநாய்க்கு நெருங்கிய உறவு. எடை பெரும்பாலும் 9 முதல் 20 கிலோவுக்குள். கூரான காது, ஒடுங்கிய முகம், ஓடும்போது தாழ்ந்து தொங்கும் வால். முயல், எலி, பழம், செத்த விலங்கு, குப்பைத் தொட்டி மிச்சம் என எது கிடைத்தாலும் சாப்பிடும். வாய்ப்பு கிடைத்தால் ஆட்டுக்குட்டியையும் தூக்கும். பிரச்சினை தொடங்குவது அங்கேதான்.

வயோமிங்கில் சட்டப்படி கயோட்டி ஒரு 'கொன்றுண்ணி'. அதைச் சுட லைசென்ஸ் தேவையில்லை. ஆண்டு முழுவதும் சுடலாம், எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை. தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு வேறு.

அழைப்பது எப்படி?

வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் ஊதுகுழல் கைக்குள் அடங்கிவிடும். நாதஸ்வரத்தின் சீவாளி அதிர்வதுபோல, இதன் உள்ளே ஒரு மெல்லிய தகடு அதிர்ந்து சத்தம் தரும். அதில் வருவது அடிபட்ட முயலின் அலறல். உதட்டின் அழுத்தத்தை மாற்றினால் எலியின் கீச்சொலி, மான்குட்டியின் கதறல் என்று குரல் மாறும். இப்போது பலர் ரிமோட்டில் இயங்கும் ஒலிபெருக்கியை வைத்துக்கொள்கிறார்கள். பதிவு செய்த குரல்கள் அதில் இருக்கும். கயோட்டியின் கண், சத்தம் வரும் இடத்தைத்தான் தேடும். அந்த இடத்தில் மனிதர் இல்லாமல் கருவி இருப்பது வேட்டைக்காரருக்கு வசதி.

முதலில் சத்தம் மெதுவாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்துப் புதரிலேயே ஒரு கயோட்டி படுத்திருக்கலாம். எடுத்த எடுப்பிலேயே அலறவிட்டால் அது மிரண்டு ஓடிவிடும். கொஞ்ச நேரம் ஊதி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஊதி, ஓர் இடத்தில் 15 முதல் 20 நிமிடம் வரை காத்திருப்பார்கள். ஜனவரி பிற்பகுதியிலிருந்து இனப்பெருக்கக் காலம் தொடங்குவதால், ஊளைக்கும் பதில் வரும்.

காற்றுதான் எல்லாமே

கயோட்டி காதால் கேட்டு வரும். ஆனால் மூக்கால் உறுதிப்படுத்தாமல் நெருங்காது. சத்தம் வந்த இடத்துக்கு நேராக ஓடி வருவதுபோல வந்து, கடைசி நேரத்தில் சுற்றி வளைத்து, காற்று தன்னை நோக்கி வீசும் பக்கத்துக்குப் போய் மோப்பம் பிடிக்கும். மனித வாடை அடித்தால் அவ்வளவுதான், திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும்.

இரண்டாவது ஆள் தேவைப்படுவது இதற்காகத்தான். ஒருவர் மேட்டுச் சரிவில், தூரம் தெரியும் இடத்தில் ரைபிளுடன் உட்காருவார். அழைப்புக் கருவி பெரும்பாலும் அவர் கையில் இருக்கும். இன்னொருவர் கயோட்டி சுற்றி வரக்கூடிய பக்கத்தில், கிட்டத்தில் சுடுவதற்கான ஷாட்கன்னுடன் இருப்பார். இருவரும் புதரில் முதுகைச் சாய்த்து உட்காருவார்கள். மேட்டின் உச்சியில் நின்றால் வானத்தின் பின்னணியில் உருவம் தெரிந்துவிடும் என்பதால் அங்கே நிற்பதில்லை. சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

கயோட்டி ஓடி வரும்போது வேட்டைக்காரர் வாயாலேயே 'வுஃப்' என்று ஒரு சின்னக் குரைப்பு கொடுப்பார். அது ஓரிரு நொடி நின்று பார்க்கும். சுடுவதற்கான நேரம் அவ்வளவுதான். சுட்ட உடனே எழுந்து போகவும் மாட்டார்கள். குட்டி வலியில் கத்தும் குரலைப் போடுவார்கள். ஜோடியில் மற்றது திரும்பி வரக்கூடும்.

பெரும்பாலான இடங்களில் எதுவுமே வராது. எழுந்து, வண்டிக்கு நடந்து, சில கிலோமீட்டர் தள்ளிப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாள் முழுக்க ஏழெட்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது சகஜம்.

உண்மையான ஆபத்து எங்கே?

இரண்டு துப்பாக்கிகள், நடுவில் வேகமாக ஓடும் ஒரு விலங்கு. கண் விலங்கைத் தொடர, துப்பாக்கியும் தானாகத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் நண்பர் குறுக்கே வந்துவிடலாம். அதனால் உட்காரும் முன்பே எல்லை பிரித்துக்கொள்வார்கள். கடிகார முள் கணக்கில் ஒருவருக்கு 9 முதல் 12 வரை, மற்றவருக்கு 12 முதல் 3 வரை. தன் எல்லையைத் தாண்டினால், எவ்வளவு நல்ல வாய்ப்பாக இருந்தாலும் சுடக் கூடாது. சொல்லாமல் இடம் மாறவும் கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. முயலின் அலறல் கயோட்டிக்கு மட்டும் கேட்பதில்லை. நரி, காட்டுப்பூனை, ஆந்தை, பருந்து எல்லாம் வரும். பண்ணை நாயும் வரலாம். ஓநாய் வாழும் பகுதி என்றால் அதன் குட்டியைக் கயோட்டி என்று தவறாக நினைக்க வாய்ப்புண்டு. ஓநாய்க்குச் சட்டம் வேறு. சில சமயம் இன்னொரு வேட்டைக்காரரே அந்தச் சத்தத்தை நிஜம் என்று நம்பிப் பதுங்கி வருவார். அசைந்தது எது என்று முழுசாகத் தெரியாமல் விசையைத் தொடக் கூடாது என்பதை இந்த வேட்டையின் முதல் பாடமாகச் சொல்வது இதனால்தான்.

ஏன் சுடுகிறார்கள்?

ஒரே காரணம் இல்லை. பலருக்கு இது விளையாட்டு. சிலருக்கு ரோமம். குளிர்காலத்தில்தான் ரோமம் அடர்த்தியாக இருக்கும். ஜாக்கெட் தலைமூடியின் ஓரத்தில் வைத்துத் தைக்க அது பயன்பட்டது. ஆனால் 2021-ல் கனடா கூஸ் நிறுவனம் ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. பிரபல ஜாக்கெட்டுகளில் கயோட்டி ரோமத்தைப் பயன்படுத்திவந்த நிறுவனம் அது.

அதிகம் சொல்லப்படும் காரணம் ஆடு. அமெரிக்காவில் கொன்றுண்ணிகளால் சாகும் செம்மறிகளில் பெரும்பங்கு கயோட்டியால்தான். மார்ச், ஏப்ரல் வாக்கில் குட்டி போடும் மந்தையை வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு குட்டியும் அந்த ஆண்டின் வருமானம். காலையில் எழுந்து பார்த்தால் மூன்று குட்டிகள் கழுத்தில் கடிபட்டுக் கிடக்கின்றன என்றால், அவருடைய கோபத்தை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அப்படிப்பட்டவர்தான் பல வேட்டைக்காரர்களுக்குத் தன் நிலத்தின் கேட்டைத் திறந்துவிடுகிறார்.

சுட்டால் குறைகிறதா?

அமெரிக்க அரசு இதைப் பெரிய அளவில் முயன்று பார்த்துவிட்டது. கொன்றுண்ணிகளை ஒழிக்க 1931-ல் தனிச் சட்டமே வந்தது. விஷம் வைத்தார்கள், பொறி வைத்தார்கள், விமானத்திலிருந்து சுட்டார்கள். அரசு நிலங்களில் விஷம் வைப்பதை 1972-ல் அதிபர் நிக்சன் தடுத்தார். அதன் பிறகும் அரசின் வனவிலங்குச் சேவைப் பிரிவு ஆண்டுதோறும் பல்லாயிரம் கயோட்டிகளைக் கொன்றுவருகிறது.

பலன்? ஒருகாலத்தில் மேற்கு, மத்திய சமவெளிகளில் மட்டும் இருந்த விலங்கு இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. தெற்கே பனாமா வரை பரவிவிட்டது. சிகாகோ நகருக்குள்ளேயே வாழ்கிறது. ஓநாய்களை மனிதர்கள் அழித்ததால் காலியான இடமும் இதற்கே கிடைத்தது.

காரணம் அதன் குடும்ப அமைப்பு. ஓர் எல்லைக்குள் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் குட்டி போடும். அந்த ஜோடியைக் கொன்றால் எல்லை திறந்துவிடும். வெளியிலிருந்து இளசுகள் உள்ளே வரும். அதுவரை குட்டி போடாமல் இருந்த பெண் கயோட்டிகள் குட்டி போடத் தொடங்கலாம். போட்டி குறைவதால் இரை தாராளமாகக் கிடைக்கும், குட்டிகள் அதிகம் பிழைக்கும். ஓர் ஈற்றில் சராசரியாக ஐந்தாறு குட்டிகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1975-ல் கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டார்கள். ஓர் இடத்தில் கயோட்டியை ஒழிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 75 சதவீதத்தைக் கொல்ல வேண்டும், அதையும் சுமார் 50 ஆண்டுகள் விடாமல் செய்ய வேண்டும் என்று வந்தது விடை. இரண்டு பேர் ஒரு வார இறுதியில் செய்யக்கூடிய வேலையா அது?

அதற்காகச் சுடுவதில் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆடு மேயும் இடத்திலேயே, மந்தை வருவதற்கு முன் கயோட்டிகளை அகற்றினால் அந்தப் பருவத்தில் ஆட்டு இழப்பு குறைவதை 1990-களில் மேற்கு மாநிலங்களில் நடந்த ஆய்வு காட்டியது. சரியான இடம், சரியான நேரம், சரியான விலங்கு. மூன்றும் பொருந்த வேண்டும்.

மூன்றாவதில்தான் அழைப்பு வேட்டை சறுக்குகிறது. ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் குட்டிகளுக்கு இரை தேடும் வளர்ந்த ஜோடிகள் என்று கலிஃபோர்னிய ஆய்வுகள் சொல்கின்றன. முயல் குரலை நம்பி எளிதாக ஓடி வருவது யார்? அனுபவமில்லாத இளசுகள். ஒருமுறை குண்டு தவறிப் பிழைத்த கயோட்டி அடுத்த முறை அதே சத்தத்துக்கு லேசில் வராது. ஆட்டைத் தொடாத ஒன்று செத்து, ஆட்டைக் கொன்றது எங்கோ படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஊதுகுழல் பசித்ததை அழைக்கும். குற்றம் செய்தது எது என்று அதற்குத் தெரியாது.

வேறு வழி இருக்கிறதா?

கிரேட் பிரனீஸ் போன்ற காவல் நாய்களைக் குட்டியிலிருந்தே மந்தையோடு வளர்ப்பது, குட்டி போடும் காலத்தில் ஆடுகளைக் கொட்டகைக்குள் வைப்பது, மின்வேலி, செத்த ஆட்டை வெளியே போடாமல் அகற்றுவது என்று பல வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் பணமும் ஆளும் வேண்டும். வேட்டைக்காரர் காசு கேட்காமல் வருகிறார். பண்ணையாளரின் கணக்கில் இதுவும் ஒரு விஷயம்.

அதிகம் கொன்றவருக்குப் பரிசு என்று நடத்தப்படும் போட்டிகள் மீதுதான் கடும் எதிர்ப்பு இருக்கிறது. கலிஃபோர்னியா 2014-ல் இதற்குத் தடை கொண்டுவந்தது. வெர்மான்ட் 2018-லும் நியூ மெக்சிகோ 2019-லும் அதே வழியில் போயின. நண்பர்கள் இருவர் போகும் சாதாரண வேட்டைக்கு இந்தத் தடைகள் பொருந்தாது.

இந்தியாவில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், முடியாது. நரி உட்படப் பல காட்டு விலங்குகளை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பொழுது சாய்கிறது. வயோமிங்கில் அந்த இருவரும் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, ஒருவருக்கொருவர் காட்டி உறுதி செய்துகொண்டு வண்டியில் ஏறுவார்கள். தூரத்தில் ஊளை கேட்கும். பத்துப் பதினைந்து இருக்கும்போலத் தோன்றும். உண்மையில் இரண்டே இரண்டாகக்கூட இருக்கலாம். ஒரு ஜோடி ஊளையிட்டாலே கூட்டம் மாதிரிதான் கேட்கும்.