ஒரு வீட்டில் ஒரு சொல்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் முதுமொழி. இம்மொழியைப் பிரம்பெடுப்பதற்கு அனுமதியாகக் கொள்வோர் பலர். ஆனால் வளைத்தல் வேறு, ஒடித்தல் வேறு. இளங்கொம்பை வளைப்பவன் அதனைப் பொறுமையோடு, தினமும் சிறிது சிறிதாகவே வளைக்கிறான்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய ஊர்களில், பாலர் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுள் ஒருவனுக்கேனும் ‘குழப்படிக்காரன்’ என்ற பெயர் விரைவில் அமைந்துவிடுகிறது. அப்பெயர் முதலாம் வகுப்புக்கும் அவனுடன் கூடவே செல்கிறது. ஆசிரியர் அப்பெயரைக் கொண்டே அவனைப் பார்க்கிறார். தோழர் அப்பெயரைச் சொல்லி விலகுகின்றனர். இறுதியில் அவனும் அப்பெயருக்கு ஏற்றவனாகவே ஆகிவிடுகிறான். ஆயினும் குழப்படி பெரும்பாலும் வகுப்பறையில் முளைப்பதன்று. அதன் வித்து வீட்டில், மூன்று நான்கு வயதில், எவரும் கவனியாத சிறு நிகழ்ச்சிகளில் விழுகிறது.

அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை நேயர்கள் மனத்தில் வரைந்து பார்க்கலாம். மஃரிபு வேளை. மூன்று வயதுப் பிள்ளை கைத்தொலைபேசியைக் கேட்கிறான். உம்மா ‘இல்லை’ என்கிறாள். பிள்ளை தரையில் விழுந்து கதறுகிறான். தாயின் தாயான மூத்தம்மா, “பிள்ளை அழுகுது, குடுத்திரு மகள்” என்கிறாள். உம்மா கொடுத்துவிடுகிறாள்; வீடு அமைதியாகிறது. மறுநாளும் அதே அழுகை. இம்முறை உம்மா உரத்துக் கத்திக் கையை ஓங்குகிறாள். பிள்ளை அஞ்சி அடங்குகிறான்.

இவ்விரு நாளிலும் இருவரும் பாடம் கற்றனர். கதறினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றான். கத்தினால் அடங்கும் என்று தாய் கற்றாள். மூன்றாம் நாள் பிள்ளை இன்னும் உரக்கக் கதறுவான்; தாய் இன்னும் உரக்கக் கத்துவாள். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் ஆராய்ச்சி செய்த உளவியலறிஞர் ஜெரால்ட் பற்றர்சன், வீடுகளில் நிகழ்வனவற்றை நேரில் அவதானித்து இச்சங்கிலியை விளக்கினார். 1982ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூல் இத்துறையில் பெயர் பெற்றது. பிள்ளை தீயவன் அல்லன். தாயும் தவறியவள் அல்லள். ஒருவரையொருவர் பணிய வைக்கும் பழக்கமே தீயது. அது வேரூன்றுமுன் அகற்றுவது எளிது. பத்து வயதின் பின் மிகக் கடினம்.

இக்கரையோர முஸ்லிம் குடும்பங்களின் அமைப்பு இவ்விடயத்தில் பெருந்துணையாகும். பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும், மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் இங்கு வழக்கம். ஆதலால் பிள்ளையைச் சூழ மூத்தம்மா, சாச்சி, மாமா எனப் பலர் இருக்கின்றனர். சோர்ந்த தாய் பிள்ளையைக் கொடுத்து இளைப்பாற ஒரு மடி எப்போதும் உண்டு. ஆனால் மடிகள் பலவாகும்போது சொற்களும் பலவாகின்றன. உம்மா மறுத்ததை மூத்தம்மா கொடுக்கிறாள். இருவரும் கொடுத்ததை வாப்பா பறிக்கிறார். எந்தச் சொல் நிலைக்கும் என்று அறியாத பிள்ளை, ஒவ்வொரு சொல்லையும் அழுது சோதித்துப் பார்க்கிறான்.

ஆகவே முதல் மருந்து, வீட்டுப் பெரியோர் ஒன்றுகூடிப் பேசுதல். விதிகள் மூன்று நான்கு போதும். அவற்றை எல்லோரும் ஒரே சொல்லால் கூறுதல் வேண்டும். இரண்டாவது, நன்மையைக் கண்டு சொல்லுதல். ‘நல்ல பிள்ளை’ என்பதிலும், ‘தம்பிக்குப் பந்தைக் கொடுத்தாயே, நல்லது’ என்பது மேலானது. எது நன்று என்பதைப் பிள்ளை அதனால் அறிகிறான். மூன்றாவது, தினமும் பத்து நிமிடமேனும் பிள்ளை விரும்பும் விளையாட்டில் அவனோடு அமர்தல். அன்பு கேளாமலே கிடைக்கும் வீட்டில், அதனைக் கதறிப் பெற வேண்டியதில்லை. நான்காவது, சிறு பிடிவாதத்துக்குக் கோபமும் காட்டாது, பணிந்தும் விடாது, அருகே அமைதியாக இருத்தல். முதற் சில நாள் அழுகை கூடும், அதன்பின்னரே குறையும். இடையில் ஒருவர் தளர்ந்து கொடுத்துவிட்டால் முயற்சி முழுவதும் வீணாகும்.

இவை சொல்லுக்கு எளியன. களைத்த மனத்துக்கு அரியன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நாட்டிலேயே அதிக உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். அன்று சிறுவராயிருந்தோர் பலர் இன்று பெற்றோர். தம்மை வளர்த்த மடியைக் கடலுக்குக் கொடுத்தவரும் அவர்களுள் உளர். தாய் வெளிநாட்டுக்கு உழைக்கச் சென்ற வீடுகளில், முதிர்ந்த மூத்தம்மா தனியே சிறுவரைத் தாங்குகிறாள். இத்தகையோரைக் குறை கூறுவதால் பயனில்லை. அவர்களுக்குத் துணை தேவை.

அத்துணையை வீட்டு வாசலுக்கே கொண்டுவரக்கூடிய ஏற்பாடு இந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், தாய் சேய் நலப்பணி ஊர்தோறும் பரவியது. வீடு தேடிவரும் மருத்துவமாது, பிள்ளையின் நிறையை மட்டுமன்றி நடையையும் பேச்சையும் கேட்டறிகிறார். 18 மாதத்திலும் 3 வயதிலும் தடுப்பூசிக்குச் செல்லும் நாள், ‘இவன் அடங்குகிறானில்லை’ என்று வெட்கமின்றிக் கூறுதற்குரிய நாளுமாகும். சில பிள்ளைகள் செவி மந்தத்தால் சொற்கேளாதிருக்கின்றனர். சிலர் பேச்சு வராமையால் கடிக்கின்றனர், அடிக்கின்றனர். இவர்களுக்கு வேண்டியது வைத்தியரின் பரிசோதனை, தண்டனையன்று.

மறுபடியும் அந்த மஃரிபு வேளை. பிள்ளை தரையில் விழுந்து அழுகிறான். மூத்தம்மாவுக்கு நெஞ்சு பதைக்கிறது. எனினும் அவள் மகளின் முகத்தைப் பார்த்து, “உம்மா சொன்னதுதான், வாப்பா” என்று பேரனிடம் மெல்லக் கூறி, அவனருகே அமர்கிறாள். அழுகை நீள்கிறது, பின்பு தணிகிறது. கையை ஓங்கியவர் எவருமில்லை. தோற்றவரும் அன்று அவ்வீட்டில் எவருமில்லை.